கார்ன்ட் பீஃபும் முட்டைக்கோஸும்: புனித பேட்ரிக் திருநாள் விருந்தின் தோற்றம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புனித பேட்ரிக் திருநாள் விருந்து என்று எதைச் சொல்கிறார்கள்?

அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக்கின் திருநாள் மார்ச் 17. ஈழத்துக் கத்தோலிக்கர் இவரைப் புனித பத்திரிசியார் என்று அழைக்கின்றனர். யாழ்ப்பாணத்தில் அவர் பெயரால் ஒரு கல்லூரியே இருக்கிறது. அன்றைய தினம் அமெரிக்காவில் வாழும் ஐரிஷ் வழிவந்த குடும்பங்கள் உப்புநீரில் பல நாள் ஊறிய மாட்டின் நெஞ்சுக்கறியை மெல்லிய தீயில் மூன்று மணி நேரமாவது வேகவிட்டு, இறுதியில் அதே நீரில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் ஆகியவற்றையும் போட்டு எடுத்து, கடுகு விழுதுடன் பரிமாறுகின்றன. இதுவே கார்ன்ட் பீஃபும் முட்டைக்கோஸும் என்னும் விருந்து.

இதைப் பழம்பெரும் ஐரிஷ் உணவு என்று நம்புவோர் ஒருபுறம் இருக்க, அயர்லாந்துக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது, எல்லாம் அமெரிக்கர்கள் கட்டியது என்று அடித்துச் சொல்வோர் மறுபுறம் இருக்கின்றனர். உப்பிட்ட மாட்டிறைச்சியை உலகுக்கே அனுப்பிவைத்த நாடு அயர்லாந்து என்பதை இரண்டாம் தரப்பினர் மறந்துவிடுகிறார்கள். அதை உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்தவர்களுக்கு உண்ணக் கொடுத்துவைக்கவில்லை என்பதை முதல் தரப்பினர் அறிவதில்லை.

‘கார்ன்ட்’ என்ற சொல்லுக்கும் சோளத்துக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. அமெரிக்கச் சோளம் ஐரோப்பாவுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே ‘கார்ன்’ என்ற சொல் ஆங்கிலத்தில் மணி, பருக்கை என்ற பொருளில் வழங்கிவந்தது. கோதுமை மணியும் கார்ன், மிளகு மணியும் கார்ன். இறைச்சியைப் பதப்படுத்தப் பயன்பட்ட கல்லுப்பு தானிய மணியளவு பருமனாக இருந்ததால், அந்த உப்பில் ஊறிய இறைச்சி கார்ன்ட் பீஃப் ஆயிற்று. உப்புப்பருக்கை போட்ட மாட்டிறைச்சி என்பதே அதன் நேர்ப்பொருள்.

நம் ஊர் உப்புக்கண்டம் போன்றதா இது?

நோக்கம் ஒன்று, முறை வேறு. உப்புக்கண்டத்தில் கறியைத் துண்டுபோட்டு, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைப்போம். நீரை வெளியேற்றுவதுதான் அங்கே காப்பு. ஆண்டில் பெரும்பகுதி மழையும் ஈரக்காற்றுமாக இருக்கும் அயர்லாந்தில் அந்த வழி செல்லுபடியாகாது. எனவே கறியைப் பெருந்துண்டுகளாகவே உப்பில் புரட்டி, பீப்பாயில் அடுக்கி, உப்புநீரில் மூழ்கவைத்தனர். கடல்வழி மாதக்கணக்கில் போனாலும் அது கெடாமல் இருந்தது.

பழங்கால அயர்லாந்தில் மாட்டிறைச்சி அன்றாட உணவாக இருந்ததா?

பண்டைத் தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் இருப்பதை அறிந்தவர்களுக்குப் பழைய அயர்லாந்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. அங்கே ஒருவரின் தகுதி அவரிடமிருந்த பசுக்களின் எண்ணிக்கையால் மதிப்பிடப்பட்டது. பிரெஹன் சட்டம் எனப்படும் பழைய ஐரிஷ் சட்டமரபில் அபராதமும் ஈட்டுத்தொகையும் கறவைப் பசுக்களைக் கொண்டே கணக்கிடப்பட்டன. நம் வெட்சித்திணையில் வருவதைப் போலவே ஆநிரை கவர்தல் அங்கும் வீரச்செயலாகப் பாடப்பட்டது.

இத்தகைய சமூகத்தில் பசுவை வெட்டி உண்பது மூலதனத்தையே அழிப்பதற்கு ஒப்பாகும். பசுவின் பயன் பாலும் வெண்ணெயும் தயிரும் பாலாடைக்கட்டியுமே. இவற்றை ஐரிஷ் மொழியில் வெள்ளை உணவு என்று பொருள்படும் ‘பான்வியா’ என்ற பெயரால் குறித்தனர். பால் வற்றிய கிழப்பசுவும், அடிபட்ட மாடும், தேவைக்கு மேற்பட்ட காளைக் கன்றும்தான் கறிக்கு வந்தன. சாமானியர் உண்ட இறைச்சி பெரும்பாலும் பன்றியிறைச்சியே. பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் எழுந்த ஓர் ஐரிஷ் நையாண்டிக் கதையில், பெருந்தீனியால் பீடிக்கப்பட்ட அரசன் ஒருவனின் முன்னால் விவரிக்கப்படும் கனவு விருந்தில் உப்பிட்ட மாட்டிறைச்சியும் இடம்பெறுகிறது. ஆக, அந்தப் பண்டத்தை ஐரிஷ் மக்கள் அறிந்தே இருந்தனர். அது அரசனின் கனவுக்கு உரிய உணவாக இருந்தது.

புனித பேட்ரிக் இதை உண்டிருப்பாரா?

இந்த விருந்தை அவர் பெயரோடு இணைப்பது திருநாளே தவிர, அவருடைய வாழ்க்கை அன்று. ரோமானியர் ஆண்ட பிரிட்டனில் பிறந்து, ஏறத்தாழ 16 வயதில் கடத்தப்பட்டு, அயர்லாந்தில் ஆறு ஆண்டுகள் மந்தை மேய்க்கும் அடிமையாக இருந்து, தப்பிச் சென்று, பின்னர் ஆயராக (பிஷப்பாக) திரும்பிவந்தவர் அவர். அது ஐந்தாம் நூற்றாண்டு. உருளைக்கிழங்கு அயர்லாந்தை எட்டியது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்.

அப்படியானால் அயர்லாந்து உப்பு மாட்டிறைச்சிக்குப் பெயர்பெற்றது எப்படி?

ஓர் ஆங்கிலேயச் சட்டத்தினால். பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் நிலம் பெரும்பாலும் ஆங்கிலேய வழிவந்த நிலக்கிழார்களின் கைக்கு மாறிவிட்டிருந்தது. அவர்கள் பரந்த மேய்ச்சல் நிலங்களில் மாடு வளர்த்து, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் உயிருடன் இங்கிலாந்துக்கு அனுப்பிவந்தனர். இதனால் தங்கள் கால்நடைகளின் விலை வீழ்கிறது என்று இங்கிலாந்தின் நிலவுடைமையாளர்கள் முறையிட்டதன் பேரில், 1663-இல் ஐரிஷ் கால்நடைகளுக்குக் கடும் வரி விதிக்கப்பட்டது. 1667-இல் வந்த அடுத்த சட்டம் ஒருபடி மேலே சென்று, அவற்றைக் கொண்டுவருவதே பொதுத்தொல்லை என்று அறிவித்து அடியோடு தடைசெய்தது.

இங்கிலாந்துச் சந்தை மூடிய பின்பும் மாடுகள் அயர்லாந்தின் புல்வெளிகளில் பெருகிக்கொண்டே இருந்தன. அவற்றை உயிருடன் அனுப்ப முடியாத நிலக்கிழார்களும் வணிகர்களும் வெட்டி, உப்பிட்டு, இங்கிலாந்தைத் தாண்டி அனுப்பத் தொடங்கினர். அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்த குடியேற்ற நாடுகளுக்கு உணவுப்பொருள்களை அயர்லாந்திலிருந்து நேரடியாக ஏற்றிச்செல்ல அக்காலக் கப்பல் சட்டங்கள் இடமளித்ததும் அவர்களுக்கு வாய்ப்பாயிற்று.

இந்த வணிகத்தின் தலைநகரம் தெற்குக் கரையிலுள்ள கார்க். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அதனுடையது. அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல்கள் அங்கேதான் கூடிநின்று, உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு, போர்க்காலமாயின் காவற்கப்பல்களுடன் கூட்டமாகப் புறப்படும். சுற்றிலும் மன்ஸ்டர் மாகாணத்தின் செழித்த மேய்ச்சல் நிலம். உப்பு பெரும்பாலும் போர்ச்சுகல், பிரான்ஸ் போன்ற வெயில் நாடுகளின் உப்பளங்களிலிருந்து வந்தது. நைசான பொடியுப்பைப் போட்டால் கறியின் மேற்புறம் விரைவில் இறுகி, உள்ளே உப்பு இறங்காது. பருமனான கல்லுப்போ மெல்லக் கரைந்து எலும்பு வரை ஊறும். அயர்லாந்தில் உப்பு வரி இங்கிலாந்தைக் காட்டிலும் குறைவாக இருந்ததும் கார்க் வணிகர்களுக்குக் கைகொடுத்தது. கோடையெல்லாம் புல்மேய்ந்து கொழுத்த மாடுகள் இலையுதிர் காலம் பிறந்ததும் சாரிசாரியாக நகரத்துக்குள் ஓட்டிவரப்பட, கசாப்புக்காரர்களும் உப்பிடுவோரும் பீப்பாய் செய்யும் தச்சர்களும் பனிக்காலம் வரை ஓய்வின்றி உழைத்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் நீடித்த இந்த வணிகம், 1815-இல் நெப்போலியப் போர்கள் முடிந்து படைகளின் தேவை குறைந்த பின் தளர்ந்தது.

அந்தப் பீப்பாய்கள் எங்கே போயின?

பிரிட்டிஷ் கப்பற்படைக்கு ஒரு பெரும்பங்கு போயிற்று. இன்னொரு பெரும்பங்கு கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போயிற்று. அங்கே ஒவ்வோர் அங்குல நிலமும் கரும்புக்கே ஒதுக்கப்பட்டதால், தோட்ட முதலாளிக்கும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கருக்கும் வேண்டிய உணவு கப்பலில் வரவேண்டியிருந்தது. கறி தரவாரியாகப் பிரிக்கப்பட்டுப் பீப்பாயில் அடைபட்டது. மேல்தரம் ஒருவர் மேசைக்கு, கடைத்தரம் மற்றவர் கஞ்சிக்கு. பிரான்ஸோடு இங்கிலாந்து போரில் இருந்த ஆண்டுகளிலும் ஐரிஷ் இறைச்சி பிரெஞ்சுத் தீவுகளைச் சென்றடைந்துகொண்டுதான் இருந்தது.

இந்த விருந்தின் வரலாற்றைச் சொல்லுவோர் பலர் இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்; அது சரியன்று என்பது என் கருத்து. கார்க் நகரின் செழிப்பில் சர்க்கரைத் தோட்ட அடிமைமுறைக்கும் பங்கு உண்டு. ஐரிஷ் குடியேறிகள் மிகுந்திருந்த மொன்செராட் என்னும் கரீபியன் தீவில் 1768-ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று, தோட்ட முதலாளிகள் புனித பேட்ரிக் திருநாள் கொண்டாட்டத்தில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து அடிமைகள் கிளர்ந்தெழத் திட்டமிட்டிருந்தனர். திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டு, அதில் ஈடுபட்டவர்கள் தூக்கிலிடப்பட்டனர். இன்றைக்கு அத்தீவில் மார்ச் 17 பொதுவிடுமுறை. தூக்கிலேறியவர்களை நினைவுகூரும் நாளும் அதுவே.

கார்க் நகரில் இறைச்சியை உப்பிட்ட தொழிலாளர்கள் என்ன உண்டார்கள்?

பீப்பாயில் போகாதவற்றை உண்டார்கள். குடல், இரைப்பை, ஈரல், சிறுநீரகம், கால், வால், இரத்தம் ஆகியவை உப்பிடுவதற்கு உதவாதவை. அவை மலிவாகத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு வந்துசேர்ந்தன. ஆட்டு இரத்தத்தையும் மாட்டு இரத்தத்தையும் குடலில் அடைத்து அவிக்கும் ‘டிரிஷீன்’, பாலிலும் வெங்காயத்திலும் வெந்த குடற்கறி, ‘குரூபீன்’ எனப்படும் பன்றிக்கால் ஆகியவை இன்றும் கார்க் நகரின் அடையாள உணவுகளாக இருப்பதன் காரணம் இதுவே. போட்டிக்கறியும் ஆட்டுக்கால் பாயாவும் பழகிய நமக்கு அந்தச் சமையலின் சாமர்த்தியம் எளிதில் விளங்கும்.

நாட்டுப்புறத்தில் நிலைமை இன்னும் கடினம். நல்ல நிலம் மாட்டு மேய்ச்சலுக்குப் போனபின், குத்தகைக் குடிகளுக்கு மிஞ்சியது மேட்டிலும் சதுப்பிலும் சிறுதுண்டு நிலம். அந்தத் துண்டில் ஒரு குடும்பத்துக்குப் போதுமான அளவு விளையக்கூடியது உருளைக்கிழங்கு ஒன்றே. அதனோடு மோர் இருந்தால் அன்றைய உணவு முடிந்தது.

அயர்லாந்துக்காரர்களின் சொந்தத் திருநாள் உணவு எது?

பேக்கனும் முட்டைக்கோஸும். இங்கே பேக்கன் என்பது அமெரிக்கக் காலையுணவில் மொறுமொறுப்பாக வரும் மெல்லிய கீற்று அன்று. பன்றியின் முதுகு அல்லது தோள் பகுதியைப் பெருந்துண்டாக உப்பிட்டு, வேகவைத்து, தடித்த வில்லைகளாக நறுக்கிப் பரிமாறுவது. அதே நீரில் முட்டைக்கோஸும் வேகும். பார்ஸ்லி இலை தூவிய வெள்ளைக் குழம்பு உடன் வரும்.

பன்றிக்குப் பசுவைப் போல மேய்ச்சல் நிலம் வேண்டியதில்லை. உருளைக்கிழங்குத் தோலையும் வீட்டு மிச்சத்தையும் தின்று கொல்லைப்புறத்திலேயே வளரும். ஆனாலும் ஏழைக் குடியானவர் வளர்த்த பன்றி பெரும்பாலும் அவர் வாய்க்கு வரவில்லை. குத்தகைப் பணத்துக்காகச் சந்தைக்குப் போயிற்று. ‘வாடகை கட்டும் கனவான்’ என்றே பன்றியை அங்கு அழைத்தனர். திருநாளன்று மட்டும் ஒரு துண்டு பேக்கன் வீட்டிலேயே வெந்தது. மார்ச் 17 எப்போதும் தவக்காலத்துக்குள்தான் விழும் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும். வாரக்கணக்கில் இறைச்சியில்லாமல் இருந்த வீட்டில், நோன்பு தளர்ந்த அந்த ஒரு நாளின் கறிமணத்துக்கு எத்தகைய மதிப்பு இருந்திருக்கும்!

பன்றி எப்போது மாடாக மாறியது?

கடல் கடந்தபோது. 1845-இல் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கி, நட்ட செடிகள் நின்ற இடத்திலேயே கறுத்து அழுகின. 1852 வரை நீடித்த அந்தப் பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர். அதைவிட அதிகமானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1841-இல் 81 லட்சத்து 75 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1851-இல் சுமார் 65 லட்சமாகக் குறைந்தது. அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன.

1855-இல் நியூயார்க் நகரவாசிகளில் கால்பங்குக்கு மேற்பட்டோர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். ஆண்கள் கால்வாய் தோண்டவும் கட்டடம் எழுப்பவும், பெண்கள் பிறர் வீட்டில் வேலை செய்யவும் போனார்கள். அற்பக் கூலிதான், ஆயினும் அயர்லாந்தில் காணாத ஒன்றை அந்தக் கூலியால் வாங்க முடிந்தது. அமெரிக்காவில் நிலம் பரந்து கிடந்ததால் மாட்டிறைச்சி மலிவு. அதிலும் நெஞ்சுக்கறி, வேக நேரமெடுக்கும் முரட்டுப் பகுதி என்பதால் மிகவும் மலிவு. தங்களுக்குப் பழகிய ஐரிஷ் பேக்கன் அங்கே எளிதில் கிடைக்கவில்லை. அமெரிக்கரின் பன்றியிறைச்சி வேறு பகுதி, வேறு பக்குவம். உப்பும் புகையும் கலந்த அந்தப் பழைய சுவைக்கு ஓரளவு நெருங்கிவந்தது உப்பில் ஊறிய மாட்டிறைச்சி. பானை அதுவே, முட்டைக்கோஸும் அதுவே. கறி மட்டும் மாறியது.

தன் ஊரில் மாட்டை வளர்த்தும் வெட்டியும் பீப்பாயில் அடைத்தும் பிறருக்கே அனுப்பிய மக்கள், அதைத் தம் சொந்தக் காசில் வாங்கி உண்டது அன்னிய மண்ணில்தான். இந்த விருந்தைப் போலி என்று எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுவே.

யூதர்களின் இறைச்சிக் கடைகளிலிருந்து ஐரிஷ் மக்கள் இதைக் கற்றார்கள் என்கிறார்களே, உண்மையா?

இன்று அதிகம் பரவியிருக்கும் விளக்கம் இதுதான். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழுக்கதையும் இதுவன்று.

கோஷர் என்னும் யூத உணவுநெறிப்படி பன்றியிறைச்சி விலக்கு. மாட்டின் பின்பகுதியிலும் தொடைநரம்பை முற்றாக நீக்கினால் ஒழிய உண்ணக்கூடாது. அது நுணுக்கமான வேலை என்பதால் கோஷர் கடைகள் பெரும்பாலும் முன்பகுதியையே விற்றன. நெஞ்சுக்கறி முன்பகுதியைச் சேர்ந்தது. எனவே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் நெஞ்சுக்கறியை உப்பிலும் பூண்டிலும் மசாலையிலும் ஊறவைத்து விற்றதும், மன்ஹாட்டனின் நெரிசலான தெருக்களில் அவர்களுக்கு அண்டைவீட்டாராக இருந்த ஐரிஷ் குடும்பங்கள் அதை வாங்கியதும் இயல்பே.

சிக்கல் காலக்கணக்கில் வருகிறது. பஞ்சத்தில் வெளியேறிய ஐரிஷ் மக்கள் வந்திறங்கியது 1840-களிலும் 1850-களிலும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பெருவருகையோ 1881-க்குப் பிறகு. முதல் உலகப்போர் தொடங்கும்வரை ஏறத்தாழ இருபது லட்சம் பேர் வந்தனர். இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுறை இடைவெளி இருக்கிறது. அதற்கு முன்பே உப்பிட்ட மாட்டிறைச்சி அமெரிக்க வீடுகளில் பொதுவாக இருந்த பண்டம். அதைக் காய்கறிகளோடு ஒரே பானையில் வேகவைக்கும் வழக்கம் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஐரிஷ் குடியேறிகளுக்கும் மூத்தது. முதல் தலைமுறை ஐரிஷ் குடும்பம் எந்த அமெரிக்கக் கசாப்புக் கடையிலும் இதை வாங்கியிருக்க முடியும். அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் யூதக் கடையில் வாங்கினார்கள். நெஞ்சுக்கறியே உகந்த பகுதி என்பதும், கடுகும் மிளகும் கொத்தமல்லி விதையும் சேர்ந்த ஊறல் மசாலையும் அந்தக் கடைகளின் செல்வாக்கில் உறுதிப்பட்டிருக்கலாம். வழக்கத்தைத் தொடங்கிவைத்த பெருமையை விடச் செம்மைப்படுத்திய பெருமையையே யூதக் கடைக்காரர்களுக்குத் தருவது பொருத்தம் என்று நான் கருதுகிறேன்.

முட்டைக்கோஸ் ஏன்?

மலிவு, குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருக்கும், வேறு பாத்திரம் வேண்டாம். பேக்கனோடு பழகிய துணை என்பது இவற்றோடு சேரும் இன்னொரு காரணம்.

இது ஐரிஷ் அடையாளமாக எப்போது நிலைபெற்றது?

அமெரிக்காவில் இத்திருநாள் தொடக்கத்திலிருந்தே வீட்டுக்கு வெளியேயும் கொண்டாடப்பட்டது. நியூயார்க்கில் பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய ஐரிஷ் வீரர்கள் 1762-இலேயே ஊர்வலம் சென்றனர். பஞ்சத்துக்குப் பின் குடியேறிகள் பெருகியபோது அந்த ஊர்வலம் அவர்களின் எண்ணிக்கையையும் வலிமையையும் காட்டும் நிகழ்ச்சியாக மாறியது. ஊர்வலத்துக்குப் பின் விருந்து. விருந்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்த கறி மாட்டுக்கறி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் கார்ன்ட் பீஃபும் முட்டைக்கோஸும் என்றாலே ஐரிஷ்-அமெரிக்கன் என்று எவரும் புரிந்துகொள்ளும் நிலை உருவாகிவிட்டது. அமெரிக்க நாளிதழ்களில் 1913-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வெளிவந்த ஒரு சித்திரத்தொடரின் நாயகன் ஜிக்ஸ், திடீர்ப் பணக்காரனான ஐரிஷ் தொழிலாளி. மேட்டுக்குடியாகத் துடிக்கும் மனைவியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, பழைய நண்பர்களின் உணவுக்கடைக்கு ஓடி அவன் தேடியுண்பது இந்த உணவைத்தான். வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தவக்கால வெள்ளிக்கிழமையில் மார்ச் 17 வந்தால் என்ன செய்வார்கள்?

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் காப்பது, அதாவது இறைச்சியைத் தவிர்ப்பது, கத்தோலிக்கரின் கடமை என்பதைத் தமிழ்க் கத்தோலிக்க வாசகர்கள் அறிவார்கள். வெள்ளியன்று ஒரு பெருவிழா வந்தால் அந்தக் கடமை நீங்கும் என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது. அயர்லாந்தில் மார்ச் 17 பெருவிழா, அதோடு திருப்பலியில் பங்கேற்கக் கடமைப்பட்ட கடன் திருநாளும் கூட; எனவே அங்கே இந்தக் கேள்வியே எழாது. அமெரிக்காவின் பொது நாட்காட்டியிலோ அது விருப்ப நினைவு மட்டுமே. ஆகையால் 2017-இலும் 2023-இலும் மார்ச் 17 வெள்ளிக்கிழமையாக அமைந்தபோது அமெரிக்க மறைமாவட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே முடிவெடுத்தன: பல ஆயர்கள் விலக்கு அளித்தனர், சிலர் அதற்கு ஈடாக வேறொரு நாளில் சுத்தபோசனம் காக்கும்படி பணித்தனர், வேறு சிலர் விலக்கு தரவில்லை. ஓர் உணவுக்காகத் திருச்சபை விதியைத் தளர்த்தும் அளவுக்கு அந்த வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியிருக்கிறது.

இன்றைய அயர்லாந்தில் இதை உண்கிறார்களா?

திருநாள் உணவாகப் பெரும்பாலும் இல்லை. அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் கேட்பதால் டப்ளின் உணவகங்கள் சில பரிமாறுகின்றன. வீடுகளில் பேக்கனோ, வறுத்த ஆட்டுக்கறியோ சமைப்பதே வழக்கம். உப்பு மாட்டிறைச்சி கசாப்புக் கடைகளில் கிடைக்கத்தான் செய்கிறது. அதற்கு அங்கே பெரும்பாலும் மாட்டின் தொடைப்பகுதியைப் பயன்படுத்துகின்றனர்.

பழைய கார்க் வணிகத்தின் நேரடி வாரிசைக் காண விரும்புவோர் மார்ச் மாதத்தை விட்டு டிசம்பருக்குப் போகவேண்டும். உப்பு, வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), கருப்பட்டியை நினைவூட்டும் பழுப்புச் சர்க்கரை, மிளகு, கிராம்பு, ஆல்ஸ்பைஸ் ஆகியவற்றில் நாட்கணக்கில் ஊறிய ‘ஸ்பைஸ்டு பீஃப்’ கார்க் மக்களின் கிறிஸ்துமஸ் உணவு. 1788-இல் திறக்கப்பட்ட இங்கிலீஷ் மார்க்கெட் என்னும் அந்நகரின் அங்காடியில் கிறிஸ்துமஸ் நெருங்கும் வாரங்களில் அதற்காக வரிசை நிற்கும். உலகின் கரைகளிலிருந்து வந்த மசாலைகள் கார்க் துறைமுகத்தில் இறங்கி உள்ளூர்க் கறியோடு சேர்ந்த வரலாறு அந்தத் துண்டில் அப்படியே இருக்கிறது.

தகரடப்பாவில் வரும் கார்ன்ட் பீஃபும் இதுவும் ஒன்றா?

பெயர் மட்டுமே ஒன்று. இலங்கையிலும் வளைகுடா நாடுகளிலும் நம்மவர்கள் அறிந்த டப்பா இறைச்சி, கொத்தி, வேகவைத்து, அழுத்தி அடைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகாகோவிலும் உருகுவேயின் ஃப்ரே பென்டோஸிலும் பெருந்தொழிலாக வளர்ந்த அந்தப் பண்டம், முதல் உலகப்போரில் ‘புல்லி பீஃப்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் அன்றாட உணவாயிற்று. திருநாள் விருந்துக்குரியது முழுத்துண்டாக ஊறி முழுத்துண்டாகவே வேகும் நெஞ்சுக்கறி.

வெந்த பின்னும் கறி சிவந்திருப்பது ஏன்?

வெடியுப்பால். அக்காலத்தில் உப்போடு சிறிது வெடியுப்பும் சேர்த்தனர். இப்போது அளந்து கலந்த சோடியம் நைட்ரைட் பயன்படுகிறது. அது தசையிலுள்ள நிறமியோடு பிணைந்து, வெப்பத்திலும் மாறாத இளஞ்சிவப்பைத் தருவதோடு, கொடிய நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளராமலும் தடுக்கிறது. வெறும் உப்பில் ஊறிய கறி வெந்தால் சாம்பல் நிறமாகும். பாஸ்டன் வட்டாரத்தில் இன்றும் அந்தச் சாம்பல்நிறக் கறியையே விரும்பிக் கேட்பவர்கள் உண்டு.

வீட்டில் செய்ய முடியுமா?

முடியும், பொறுமைதான் வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள கொழுப்புப் படிந்த நெஞ்சுக்கறியை, உப்பும் சிறிது சர்க்கரையும் மிளகு, கடுகு, கொத்தமல்லி விதை, கிராம்பு, பிரிஞ்சி இலை ஆகியவையும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த நீரில் முழுதாக மூழ்கவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து முதல் ஏழு நாள் வைக்கவேண்டும். நைட்ரைட் கலந்த பதப்படுத்தும் உப்பைச் சேர்ப்பதானால் பொட்டலத்தில் குறித்த அளவைச் சிறிதும் மீறக்கூடாது.

பின்பு கறியைக் கழுவி, புதுநீரில் போட்டு, கொதி கிளம்பாத மெல்லிய தீயில் மூன்று மணி நேரம் வேகவிட வேண்டும். தீ மிஞ்சினால் தசை இறுகிவிடும். நிதானமாக வெந்தால்தான் நெஞ்சுக்கறியின் சவ்வு கரைந்து கறி நெகிழும். முள்கரண்டி தடையின்றி இறங்கியதும் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் போட்டு, அவை முக்கால் பதம் வந்தபின், நான்காகப் பிளந்த முட்டைக்கோஸைத் தண்டோடு சேர்த்து இறுதிக் கால்மணி நேரத்துக்கு மட்டும் விடவேண்டும். முன்னதாகவே போட்டால் குழைந்து கந்தக வாடை வீசும். கறியைப் பத்து நிமிடம் ஆறவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்காக நறுக்கவேண்டும்.

மிஞ்சியதை என்ன செய்வார்கள்?

மறுநாள் காலையில் கறியையும் உருளைக்கிழங்கையும் பொடியாக அரிந்து, வெங்காயத்தோடு இரும்புச் சட்டியில் போட்டு, அடி முறுகும்வரை கிளறாமல் விட்டு, புரட்டி எடுத்து, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றுவார்கள். இதற்கு ‘ஹாஷ்’ என்று பெயர். இதை எதிர்பார்த்தே முந்தின நாள் தேவைக்கு மேல் பெரிய துண்டாக வாங்கும் குடும்பங்கள் பல.